மொழி டீச்சரின் இருபத்தெட்டு வருட டைம் டேபிள்

ஏப்ரல் 14, செவ்வாய்

புது நோட்டின் முதல் பக்கத்தில் பெயர், ஊர் எழுதாத பிள்ளைகளை முப்பத்து நான்கு வருடம் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். ஆகவே எழுதிவிடுகிறேன். பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். முழுதாகக் கூப்பிட யாருக்கும் பொறுமை இல்லாததால் பள்ளிக்கூடம் முழுக்க நான் மொழி டீச்சர்தான். ஊர் தென்காசி. பாடம் கணக்கு. வயது அறுபது. மே 31 அன்று பணி ஓய்வு.

டயரியைக் கொடுத்தது எங்கள் பள்ளிக்கூடத்து ஜெபராணி டீச்சர். "ரிட்டயர் ஆனா பொழுது போகாது டீச்சர், இதுல எதையாவது எழுதுங்க" என்றாள். ஜனவரியிலிருந்து நேற்றுவரை உள்ள பக்கங்கள் வீண். அவற்றை ஒழுங்காகக் கிழித்து, பலசரக்கு லிஸ்ட் எழுத வைத்துக்கொள்ளும்படி வடிவிடம் கொடுத்துவிட்டேன்.

எனக்குப் பொழுது போகாதாம். நல்ல கதை.

போன வாரம் ஓய்வு பெறப்போகிறவர்களுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். மேடையில் ஒருவர், என்னிடம் படித்தவர்கள் வயதுதான் இருக்கும், "இனிமே ஒவ்வொரு நாளா பாக்காதீங்க, வாழ்க்கைய ஒட்டுமொத்தமா பாத்துத் திட்டம் போடுங்க" என்றார். யாரிடம் போய்ச் சொல்கிறார்? இருபத்திரண்டு வருடமாக எங்கள் பள்ளிக்கூடத்து டைம் டேபிள் போடுவது நான். இருபத்தாறு வகுப்பு, முப்பத்தொரு டீச்சர், நாளைக்கு எட்டுப் பீரியடு. ஒரே ஒரு தடவை தமிழய்யாவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பைப் போட்டுவிட்டேன். பதினான்கு வருடத்துக்கு முந்தின கதை அது. மனிதர் போன வாரம்கூடச் சொல்லிக் காட்டினார்.

என் முறை ரொம்ப எளிது. முதலில் முழுப் படத்தையும் கண்முன் வைக்க வேண்டும். அடுத்தது, யாரையும் கேட்கக் கூடாது. கேட்டால் ஒருத்தி முதல் பீரியடு வேண்டாம் என்பாள், இன்னொருத்தி கடைசிப் பீரியடு வேண்டாம் என்பாள், டைம் டேபிள் தீபாவளிக்குத்தான் முடியும்.

ஊருக்கெல்லாம் போட்டவள் எனக்கென்று ஒன்று போட்டதில்லை. போட்டுவிட வேண்டியதுதான்.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஹாலில் பீரோவை நகர்த்திவிட்டு, மேற்குச் சுவரில் எட்டு சார்ட் பேப்பரை ஒட்டினேன். ஒட்டினேன் என்றால், வடிவு ஸ்டூல் மேல் நின்று ஒட்டினாள், நான் கீழே நின்று கோணலைச் சொன்னேன். மைதாப் பசையும் அவள்தான் காய்ச்சினாள்.

எங்கள் குடும்பத்தில் பெரியம்மா போனது எண்பத்தெட்டில். அத்தையும் எண்பத்தெட்டில். இரண்டு உதாரணத்தை வைத்துச் சூத்திரம் எழுதக் கூடாது என்று எத்தனையோ பேருக்கு மார்க் குறைத்திருக்கிறேன். இருந்தாலும் வேறு வழியில்லை, எனக்கும் எண்பத்தெட்டு என்றே வைத்துக்கொண்டேன். அறுபத்தொன்றிலிருந்து எண்பத்தெட்டு வரை இருபத்தெட்டுக் கட்டம். ஒவ்வொரு வருடத்துக்கும் எட்டு வரிசை: உடம்பு, சமையல், வீடு, வெளியூர், விசேஷம், ஆஸ்பத்திரி, படிப்பு, ஓய்வு. ஆக இருநூற்று இருபத்து நான்கு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் அதற்குப் பொறுப்பான ஆளின் சீட்டு. எனக்குப் பச்சை. வடிவுக்கு மஞ்சள்.

வடிவு யார் என்று எழுத விட்டுப்போயிற்று. என் தங்கை. வயது ஐம்பத்தாறு. கல்யாணமாகி மூன்றே வருடத்தில் அவள் வீட்டுக்காரர் மதுரையில் விபத்தில் போய்விட்டார். இருபத்தெட்டு வயதில் ஒரு சூட்கேஸோடு வந்து இந்த வாசலில் நின்றாள். எனக்கு அப்போது ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தியாகம் அது இது என்று பெரிய பேச்செல்லாம் பேசமாட்டேன். அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது, நான் இருந்தேன். இன்றுவரை பார்த்துக்கொள்கிறேன்.

இதை எழுதுவதற்குள் மூன்றாவது காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள்.

ஏப்ரல் 27, திங்கள்

மஞ்சள் அட்டை தீர்ந்துவிட்டது. பச்சை அப்படியே கிடக்கிறது. வடிவை ஸ்கூட்டரில் அனுப்பி இன்னும் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கி வரச் சொன்னேன்.

வெட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, இந்த 'வெளியூர்' வரிசைல ஏன் எல்லாம் மஞ்சளா இருக்கு? பூரா நானா போகப்போறேன்?"

"போறது நாந்தான். வண்டி ஓட்டி என்னயக் கூட்டிட்டுப் போறது நீ."

"எழுபத்தஞ்சு வயசுலயா?"

"ஒனக்கு அப்பம் எழுபத்தொண்ணுதான் ஆகும்."

கத்தரியை வாங்கி அவளே வெட்ட ஆரம்பித்தாள். என்னைவிட நேராக வெட்டுகிறாள்.

பார்த்துக்கொண்டே வந்ததில் 'ஓய்வு' வரிசையில் வடிவுக்கு ஒரு சீட்டுகூட இல்லை. இது தப்பு. பி.டி. பீரியடே இல்லாமல் வகுப்பு நடத்தக் கூடாது, அது விதி. சிறுவயதில் எங்கள் தெருவிலேயே கேரமில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. பூங்காவில் முதியோர் மன்றம் என்று ஒன்று இருக்கிறது, சாயங்காலம் கேரம் ஆடுகிறார்கள். 'வடிவு, கேரம், செவ்வாய், வியாழன், சனி' என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

"எனக்கு எதுக்குக்கா?" என்றாள்.

"ஒட்டியாச்சு" என்றேன்.

மே 2, சனி

வடிவு கேரமுக்குப் போனாள். நான் பால் காய்ச்சினேன். பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது.

மே 9, சனி

முதல் நாள் "எனக்கு எதுக்கு" என்றவள் இன்று ஐந்து மணி கேரமுக்கு நாலே காலுக்கே வண்டியை எடுத்து வெளியே நிறுத்திவிட்டாள்.

இரட்டையர் ஆட்டத்துக்கு அவளுக்கு ஒரு ஜோடி கிடைத்திருக்கிறார். ஆவுடையப்பன் என்று பெயர். செங்கோட்டைக்காரர். மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அறுபத்திரண்டு வயது. மனைவி போய் ஆறு வருடம். ஒரு மகன், ஓசூரில் வேலை. சர்க்கரை இல்லை, பிரஷர் லேசாக இருக்கிறது, கத்தரிக்காய் சேராது. இவ்வளவையும் நான் கேட்கவேயில்லை. தோசை ஊற்றிக்கொண்டே அவளாகச் சொன்னாள்.

"அண்ணாச்சிக்கு ரெட் போடத் தெரியும், அதுக்கு அடுத்த காயின் ஃபாலோதான் போடத் தெரியாது. எப்பவும் எனக்கு விட்டுருவாரு."

எனக்குக் கேரம் தெரியாது. ஆனாலும் ஒரு தோசை கருகியது தெரிந்தது. வடிவு தோசை கருகி நான் பார்த்ததில்லை.

மே 17, ஞாயிறு

ஜெபராணி வந்தாள். நான் போன பிறகு பள்ளிக்கூடத்து டைம் டேபிள் அவள் தலையில். நாற்பத்தைந்து வயதாகிறது, பதினெட்டு வருட சர்வீஸ், ஆனாலும் பயந்துபோய் இருக்கிறாள். இரண்டு மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். முதலில் வகுப்பு வாரியாகப் போட வேண்டும். ஒரு வகுப்பும் எந்தப் பீரியடிலும் டீச்சர் இல்லாமல் நிற்கக் கூடாது. அதோடு முடியவில்லை. அதே சார்ட்டிலிருந்து ஒவ்வொரு டீச்சருக்கும் ஒரு தனித்தாள் எழுத வேண்டும். அந்த டீச்சர் திங்கள் முதல் வெள்ளி வரை எங்கே போய் நிற்கிறாள் என்று அதில்தான் தெரியும். பெரிய சார்ட்டில் கண்ணுக்குத் தெரியாத தப்பெல்லாம் தனித்தாளில் தெரிந்துவிடும். அதை அவளிடம் கொடுத்து, சரி என்று கையெழுத்து வாங்கின பிறகுதான் டைம் டேபிள் முடிந்ததாகக் கணக்கு.

"யாரையும் கேக்கக் கூடாதுன்னீங்களே டீச்சர், அப்புறம் கையெழுத்து எதுக்கு?" என்றாள்.

"போடுறதுக்கு முன்னால கேக்கக் கூடாது. போட்ட பெறகு காட்டணும்" என்றேன்.

வடிவு புதுச் செருப்பு வாங்கியிருக்கிறாள். பழையது தேய்ந்துவிட்டதாம். நியாயமான காரணம்தான். செருப்பு சிவப்பு நிறத்தில் இருந்தது.

மே 24, ஞாயிறு

பூங்காவில் முதியோர் கேரம் போட்டி. காலை பத்து மணிக்கு. அவள் வற்புறுத்தினாள் என்று போனேன். உண்மையில் அவள் ஒரு தடவைதான் கூப்பிட்டாள்.

ஆவுடையப்பனைப் பார்த்தேன். ஒல்லி. வழுக்கை. அரைக்கைச் சட்டையை அழகாகத் தேய்த்துப் போட்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று "வாங்க டீச்சர்" என்றார். ஃப்ளாஸ்கில் சுக்குக்காபி கொண்டுவந்திருந்தார். வடிவுக்குக் கருப்பட்டி தூக்கலாக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. வீட்டில் காபி அவள்தானே போடுகிறாள்.

கடைசி ஆட்டத்தில் ஒரு காயின் குழியின் ஓரத்தில் போய்த் தொங்கிக்கொண்டு நின்றது. விழவில்லை. தோற்றுவிட்டார்கள். அவர் "காயினுக்கும் வயசாயிட்டு, நடக்க மாட்டேங்கு" என்றார். வடிவு வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை என்று எழுத வந்தேன். பொய். பார்த்திருக்கிறேன். அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது.

பூங்கா பெஞ்சு சரியில்லை. வந்ததிலிருந்து எனக்கு இடுப்பு வலி.

சாப்பிடும்போது, "அவிய நாளைக்கு ஓசூர் போறாவ, வியாழக்கிழமைதான் வருவாவ" என்றாள். யார் என்று கேட்டேன். "அவியதான்" என்றாள். அண்ணாச்சி எப்போது போனார், அவிய எப்போது வந்தார் என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் பொம்பளைகள் வீட்டுக்காரரைத்தான் அப்படிச் சொல்வார்கள். ரசம் உப்பாக இருக்கிறது என்று சொன்னேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

மே 31, ஞாயிறு

ரிட்டயர் ஆகிவிட்டேன். வெள்ளிக்கிழமையே மாலை, சால்வை, கடிகாரம் எல்லாம் கொடுத்தாயிற்று. தமிழய்யா வாழ்த்துரையில் அந்த இரண்டு வகுப்புக் கதையைச் சொன்னார்.

சார்ட் முடிந்துவிட்டது. ஒரு கட்டமும் காலியில்லை. தள்ளி நின்று பார்த்தால் மனசுக்கு நிறைவாக இருக்கிறது. எண்பத்தெட்டு வரை எனக்கு ஒரு கவலையும் கிடையாது.

ஜூன் 7, ஞாயிறு

காலை பதினோரு மணி. ஆவுடையப்பன் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு வந்தார். ஒரு சீப்பு நாட்டுப்பழம் கொண்டுவந்திருந்தார். வடிவு அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

"சுத்தி வளச்சுப் பேச எனக்கு வராது டீச்சர்" என்றார். "எனக்கும் தொணைக்கு ஆள் இல்ல. வடிவுக்கும் எம்மேல பிரியம் இருக்கு. கோயில்ல வச்சு ஒரு மாலை மாத்திக்கிடலாம்னு ஒரு நெனப்பு. எம் மகங்கிட்ட நேர்ல போய்ச் சொல்லிட்டேன், அவனுக்குச் சம்மதம். வடிவு ஒரே வார்த்தைதான் சொன்னா. அக்கா சரின்னா சரி, இல்லன்னா இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. எதற்கு என்று இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை. அவர் தப்பாக ஒன்றும் பேசவில்லை. ஆனால் வந்தது.

"இங்க வாங்க" என்று அவரைச் சுவரின் முன்னால் கூட்டிக்கொண்டு போனேன். சார்ட்டை முதலிலிருந்து விளக்கினேன். இது சமையல், இது வீடு, எழுபதில் எனக்கு முழங்கால் ஆபரேஷன், மூன்று மாதம் வடிவு கூட இருக்க வேண்டும், எழுபத்தாறில் கண். "பூரா போட்டு முடிச்சாச்சு. இதுல எங்க எடம் இருக்குன்னு நீங்களே காட்டுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை, ஒவ்வொரு சீட்டாகப் படித்தார். பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். எந்த இன்ஸ்பெக்டரும் என் டைம் டேபிளை அவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை.

"ரொம்ப நல்லா போட்டிருக்கீய டீச்சர்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ஆமா. எடம் இல்லதான்."

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் வந்தது. சண்டையாவது போட்டிருக்கலாம்.

அடுக்களைக்குள் போனேன். வடிவு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "சாம்பாருக்கு என்ன காய்க்கா போட?" என்று கேட்டாள்.

"முருங்கக்கா" என்றேன்.

ஜூன் 9, செவ்வாய்

வடிவு கேரமுக்குப் போகவில்லை. கால் வலியாம்.

ஜூன் 11, வியாழன்

கால் வலி.

ஜூன் 13, சனி

கால் வலி. ஆனால் சாரல் விழ விழ மாடிக்கு நாலு தரம் ஏறி இறங்கித் துணி எடுத்தாள். போர்வை மட்டும் காயவேயில்லை.

ஜூன் 16, செவ்வாய்

வீட்டில் எல்லாம் அதனதன் நேரத்துக்கு நடக்கிறது. காபி, இட்லி, மாத்திரை, வெந்நீர். ஒரு குறை சொல்ல முடியாது. குறை சொல்லலாம் என்று தேடிப் பார்த்தேன். அவள் முகம் தூக்கவில்லை, பேச்சைக் குறைக்கவில்லை. சிவப்புச் செருப்பு மட்டும் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது.

ஜூன் 20, சனி

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதிவிட வேண்டும்.

ஜெபராணி ஒரு டப்பா கேக்கோடு வந்தாள். அவள் போட்ட முதல் டைம் டேபிளில் ஒரு குழப்பமும் இல்லையாம். தமிழய்யாவே பாராட்டினாராம். வடிவு அவளுக்குக் காபி கொடுத்துவிட்டு மாவு அரைக்க மில்லுக்குப் போய்விட்டாள். ஜெபராணி என் சார்ட்டை இதுவரை பார்த்ததில்லை. கையில் காபியோடு சுவர் முன்னால் நின்று பார்த்தாள்.

"சூப்பர் டீச்சர். வடிவக்காவோட தனித்தாள் எங்க?"

"என்ன தனித்தாள்?"

"நீங்கதான சொன்னீங்க, ஆளுக்கொரு தாள் எழுதிக் கையெழுத்து வாங்கினாத்தான் முடிஞ்சதுன்னு. இது உங்க சார்ட்டு. வடிவக்கா தாள் எங்க?"

வீட்டுக்கெல்லாம் எதற்கு என்று சொல்லியிருப்பேன். ஆனால் நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை என்னிடமே ஒப்பிக்கிறாள், எப்படிச் சொல்வது? "இந்தா, அஞ்சு நிமிஷத்துல எழுதிருதேன்" என்று பேப்பரை எடுத்தேன். ஜெபராணி சீட்டைப் பார்த்துப் படிக்கப் படிக்க நான் எழுதினேன்.

ஐம்பத்தேழு வயது: மொழிக்குச் சமையல், மொழியை வெளியூர் கூட்டிப் போதல், மொழியை ஆஸ்பத்திரி கூட்டிப் போதல். ஐம்பத்தெட்டு: மொழிக்குச் சமையல். அறுபத்தாறு: மொழிக்கு முழங்கால், மூன்று மாதம். எழுபத்திரண்டு: மொழிக்குக் கண், சொட்டு மருந்து விடுதல். எழுபத்தெட்டு: மொழியைக் குளிப்பாட்ட ஆள் பிடித்தல், இல்லாவிட்டால் தானே. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பார்கள். அந்த அழகான எழுத்தில் பக்கம் முழுக்க என் பேரே இருந்தது. அவள் பேர் தலைப்பில் மட்டும் இருந்தது. கேரம் ஒன்றுதான் அவளுக்கென்று போட்டது. அதையும் அறுபதோடு நிறுத்தியிருந்தேன்.

ஜெபராணி கடைசிக் கட்டத்துக்கு வந்தாள். "எம்பத்தி நாலு: மொழி, ஆஸ்பத்திரி. அவ்வளவுதான் இருக்கு டீச்சர். எம்பத்தி நாலுக்கு அப்புறம்?"

"அதோட முடிஞ்சிட்டு. எனக்கு அப்பம் எம்பத்தெட்டு. நான் செத்திருவேன்லா."

"நீங்க செத்திருவீங்க" என்றாள். அவள் குறும்பாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்டாள். "வடிவக்காவுக்கு என்ன போட்டிருக்கீங்க?"

ஒன்றும் போடவில்லை. இருநூற்று இருபத்து நான்கு கட்டத்தில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை என்று தள்ளி நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டேனே, எனக்குக் கொள்ளி வைத்த மறுநாள் அவள் என்ன செய்வாள் என்று ஒரு சீட்டு வெட்டவில்லை. நான் போனதும் உலகமே முடிந்துவிடும் என்று சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். எண்பத்து நாலு வயதில், இந்த வீட்டில், ஒற்றை ஆளாக அவளை விட்டுவிட்டுப் போகிறவள், ஒரு மனுஷன் பழச் சீப்போடு வந்து நின்றபோது இடம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஜெபராணிக்கு ஒன்றும் புரியவில்லை. "தப்பா ஏதும் கேட்டுட்டனா டீச்சர்?" என்றாள். இல்லை என்று சொல்லிக் கேக்கை வெட்டினேன். இரண்டு துண்டு தின்றேன்.

வடிவு மாவோடு வந்ததும் அந்தத் தாளைக் காட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். காட்டவில்லை. எந்த முகத்தோடு அவளிடம் கையெழுத்து கேட்பேன்?

ஜூன் 21, ஞாயிறு

காலையில் "வண்டிய எடு, செங்கோட்டைக்குப் போகணும்" என்றேன்.

"அங்க என்ன வேல?"

"எடுட்டி."

லேசான சாரல். எனக்கு வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் அவள் முதுகும் கொண்டையும்தான் தெரியும். முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் எனக்கு வாய் வந்திருக்காது. இலஞ்சி தாண்டினதும் கேட்டுவிட்டேன்.

"ஏட்டி வடிவு. ஒனக்கு அவரக் கட்டிக்கிட இஷ்டமா?"

காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். ஒரு கிலோமீட்டராவது போயிருப்போம். பிறகு ஒரு புளியமரத்துக்கு அடியில் வண்டியை நிறுத்தினாள். திரும்பவில்லை.

"இருவத்தெட்டு வருசத்துல நீ என்கிட்ட கேட்ட மொதக் கேள்வி இதுதான் அக்கா."

"சும்மா சொல்லாத. எவ்வளவோ கேட்டிருக்கேன்."

"என்ன காய் போடன்னு நாந்தான் ஒங்கிட்ட கேட்டிருக்கேன்."

அவளே தொடர்ந்தாள். "நான் போயிட்டா நீ என்னக்கா செய்வ? ஒனக்குப் பால் காய்ச்சத் தெரியாது. வண்டி ஓட்டத் தெரியாது. மாத்திரை எது எப்பன்னு தெரியாது. அன்னைக்கும் அதுக்குத்தான வந்தேன்."

"என்னைக்கு?"

"எங்க வீட்டுக்காரரு தவறினப்ப அவரு ஆபீஸ்லயே எனக்கு வேல குடுத்தாவல்லா, மதுரைல. ஆர்டரே வந்துட்டு. அம்மாதான் சொன்னா, எனக்குப் பெறகு மூத்தவ ஒரு வேலையும் தெரியாம தனியா கெடப்பா, நீ போய் அவகூட இருட்டின்னு. சரின்னு வந்தேன்."

எனக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நான்தான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று இருபத்தெட்டு வருடம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இந்த டயரியிலும் எழுதியிருக்கிறேன். புளியமரத்தடியில் மழைச் சொட்டு தலையில் விழ, ஒரு ரிட்டயர்டு டீச்சர் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி மூக்கைச் சிந்தினேன். பஸ்ஸில் போனவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

"பால் காய்ச்சப் படிச்சுக்கிடுதேன்" என்றேன். "இவ்வளவு பேருக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தவளுக்கு அது வராதா? நீ கேட்டதுக்குப் பதில் சொல்லு. இஷ்டமா?"

"நீதானக்கா கேட்ட."

"சரி. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"இஷ்டம்தான்" என்றாள். "ரொம்ப."

வண்டியை எடுத்தாள். செங்கோட்டையில் அவர் வீட்டுக்கு யாரிடமும் வழி கேட்காமல் மூன்று சந்து திரும்பிச் சரியாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். நானும் எதுவும் கேட்கவில்லை.

ஆவுடையப்பன் இடுப்பில் சாரம் மட்டும் கட்டிக்கொண்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சட்டை தேடி உள்ளே ஓடினார்.

"டைம் டேபிள் தப்பாப் போட்டுட்டேன்" என்றேன். மன்னிப்பு கேட்க எனக்குத் தெரிந்த பாஷை அதுதான்.

"பரவால்ல டீச்சர்" என்றார். சட்டையில் பட்டன் மாற்றிப் போட்டிருந்தார். "மொதல்ல உள்ள வாங்க, நனையிறீய."

ஜூலை 4, சனி

வடிவு எனக்கு அடுப்பு வேலை சொல்லிக்கொடுக்கிறாள். கோபக்கார டீச்சர். சோறு வடிக்கையில் கையைச் சுட்டுக்கொண்டேன். "பராக்குப் பாத்தா இப்படித்தான்" என்றாள். என்னை யாரும் இப்படித் திட்டி நாற்பது வருடம் இருக்கும்.

சுவரிலிருந்த சார்ட்டைப் பிரித்துவிட்டோம். பசை நன்றாகக் காய்ச்சியிருந்ததால் சுண்ணாம்பும் சேர்ந்து வந்துவிட்டது. ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் கல்யாணம்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

கோயிலில் கல்யாணம் நடந்தது. பதினேழு பேர். ஓசூர் மகன் வந்து எல்லாருக்கும் சந்தனம் கொடுத்தான். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள், முறைத்ததும் அடங்கிவிட்டார்கள். வடிவு அரக்கு நிறப் பட்டு. நன்றாக இருந்தாள். காரில் ஏறும்போது மாத்திரை டப்பாவை எங்கே வைத்திருக்கிறாள் என்று மூன்று தரம் சொன்னாள்.

ஆகஸ்ட் 24, திங்கள்

காபி போட்டேன். குடிக்கும்படி இருந்தது. இரண்டு டம்ளர் போட்டுவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

எட்டரைக்கு வடிவு போன் பண்ணினாள். "அக்கா, அக்டோபர்ல திருச்சில கேரம் போட்டி இருக்காம். பேர் குடுக்கலாமான்னு அவிய கேக்காவ. குடுக்கவா?"

நவராத்திரி வரும், கொலு வைக்க வேண்டும், நீ இங்கே வர வேண்டாமா என்று நுனிநாக்கு வரை வந்துவிட்டது. பழக்கம்.

"என்னய எதுக்குட்டி கேக்க? ஒனக்குப் போகணுமா?"

"போகணும்" என்றாள்.

"அப்பம் போ."

"சரி" என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. "நீ இன்னைக்கு என்னக்கா செய்யப்போற?"

யோசித்தேன். கண்முன்னால் வெறும் சுவர்தான் இருந்தது. சாயங்காலம் வரைக்குமான திட்டம்கூட ஒன்றும் தோன்றவில்லை.

"தெரியலட்டி" என்றேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்தாத அந்தச் சிரிப்பு. பின்னால் அவர் "என்னவாம், என்னவாம்" என்று கேட்பது கேட்டது. "எங்கக்காவுக்குத் தெரியலயாம்" என்று அவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

வைத்த பிறகு கொஞ்சம் அழுதேன். வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது. பிறகு முகத்தைக் கழுவிவிட்டு ஜன்னலைத் திறந்தேன். வெயில் அடித்தது. போர்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, காயப்போட மாடிக்கு ஏறினேன்.